கங்காருவுக்கு மல்லி சூட்டியவன்

கங்காருவை நான் நேரில் பார்த்தது கிடையாது. ஆங்கில அரிச்சுவடியில் குட்டியை வயிற்றில் செருகிக்கொண்டு நிற்கிற அந்தப் படத்தோடு எங்கள் உறவு முடிந்திருந்தது. இருந்தும் அதன் கருமுட்டையைச் சுற்றியிருக்கிற உறையைப் பற்றி, அந்த உறையில் இருக்கிற புரதங்களைப் பற்றி, அவை காலங்காலமாக மாறிவந்த விதத்தைப் பற்றி, பதினோரு பக்கம் எழுதினேன். எழுதியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எரியோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மல்லித் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தும் காட்டினேன்.

நான் திண்டுக்கல்லில் ஒரு அச்சாபீசில் மெய்ப்புத் திருத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பூப்புனித நீராட்டு, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி. திருத்துவதோடு வரியும் போட்டுக் கொடுப்பேன். அதற்கு வெளியே எனக்கு வசனகவிதை எழுதுகிற வியாதி உண்டு. இரண்டு தொகுப்பு வந்திருக்கிறது. இரண்டையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். கணினியில் அவற்றைத் தட்டச்சு செய்த பெண். அவருக்கு வேறு வழியில்லை. ஆனால் நான் எழுதின அஞ்சலி சுவரொட்டிகளை பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் நின்று படித்துவிட்டு உச்சுக் கொட்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். செத்தவர்கள் தயவில்தான் எனக்கு வாசகர்கள்.

உட்கார்ந்த இடத்தில் பத்து நிமிஷம் இருக்கமாட்டேன். பஸ்ஸில் ஏறினால் மூன்று சீட் மாறுவேன். ஒரு வரி எழுத தெருமுனை வரை நடந்து போய்த் திரும்பி வரவேண்டும். காற்று, வெயில், வேப்பம்பூ என்று ஏதாவது வந்து விழுந்துகொண்டே இருக்கும் மண்டைக்குள். இதை நான் மேதைமை என்று நினைத்திருந்தேன். அக்கா இதை அரிப்பு என்பாள்.

அந்த அக்காவின் மகள்தான் ஒரு புதன்கிழமை மதியம் அச்சாபீசுக்கு வந்தாள். விலங்கியலில் முதுகலை முடித்துவிட்டு, டவுனில் ஒரு கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். தினமும் எரியோட்டிலிருந்து பஸ். அவளுக்கு ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. உதவித்தொகையோடு. வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள் சாயங்காலத்துக்குள் எழுதியாக வேண்டும்.

"அப்பா சரின்னு சொன்னாத்தான் மாமா போவேன்" என்றாள். "அவருக்கு மனசில்லாம போய் அங்க உக்காந்து என்னத்தப் படிக்க?"

"மச்சான் என்ன சொல்றாரு?"

"என்ன படிக்கப் போறேன்னு சொல்லு, அப்புறம் சொல்றேங்கறாரு. புரதம்னு சொன்னேன். பாசிப்பயறுல இல்லாத புரதமா, அதுக்கு எதுக்கு பிளைட்டுங்கறாரு."

"நீ முழுசா சொல்லவேண்டியதுதானே?"

அவள் மேசைமேல் இருந்த கல்யாணப் பத்திரிகை மாதிரிகளைக் கலைத்து அடுக்கினாள். "வாய் வரல மாமா. இங்கிலீஷ்ல மணிக்கணக்காப் பேசுவேன். அப்பா முன்னாடி தமிழ்ல அந்த வார்த்தைய எப்படிச் சொல்றது? நீங்க எழுதிக் குடுங்க. ரெண்டு பக்கம் போதும். நீங்க எழுதுனா அப்பா மதிப்பாரு."

பிறகு எனக்கு விளக்கினாள். ஒரு சுவரொட்டியின் பின்பக்கத்தில் படம் போட்டுக்கொண்டே. உடம்பில் இருக்கிற புரதங்களில் பெரும்பாலானவை கோடிக்கணக்கான வருடங்களில் மெதுவாகத்தான் மாறுமாம். ஆனால் விந்தணுவின் மேல் இருப்பவை, கருமுட்டையின் உறையில் இருப்பவை, இவற்றில் பல மட்டும் துள்ளித் துள்ளி மாறுமாம். ஒன்று மாற, அதற்கு ஏற்ப இன்னொன்று மாற, ஓயாத ஓட்டம். கங்காரு போன்ற பைப்பாலூட்டிகள் நம் கிளையிலிருந்து வெகு காலத்துக்கு முன்பே பிரிந்து போனவை. அவற்றில் இந்த ஓட்டம் எப்படி நடந்தது, நம் பக்கத்து ஓட்டத்திலிருந்து எங்கே விலகியது என்று பார்க்கப் போகிறாள்.

"அதாவது பூட்டும் சாவியும் மாதிரி" என்றேன். எனக்குக் கண் மின்னியிருக்கும்.

"மாமா, பூட்டு மட்டும் வேணாம். இந்த ஊர்க்காரங்க எதச் சொன்னாலும் பூட்டுல கொண்டுபோய் முடிக்கிறாங்க. பூட்டு செஞ்சா செஞ்சதுதான். இது ரெண்டும் மாறிக்கிட்டே இருக்கு."

பூட்டைத் தடை செய்துவிட்டால் ஒரு திண்டுக்கல் கவிஞன் என்னதான் செய்வான்? அவள் சான்றிதழ் விஷயமாக அன்று ராத்திரி சென்னைக்கு ரயிலேறிப் போய்விட்டாள். நான் தனியாக அகப்பட்டுக்கொண்டேன், ஒரு கட்டு வெள்ளைத்தாளோடு.

முதல் பக்கம் நன்றாகத்தான் போனது. ஆஸ்திரேலியாவின் செம்மண், தனித்துப்போன கண்டம், கடல். இரண்டாம் பக்கத்தில் விந்தணு வரவேண்டிய இடம் வந்தது. பேனா நின்றது. தெருமுனை வரை நடந்து திரும்பினேன். மறுபடி நின்றது. பெண் வயசுக்கு வந்ததை மண்டபம் பிடித்து ஊருக்கே சொல்கிற பத்திரிகைக்கு, பூரித்துப் பூரித்து வரி போட்டுக் கொடுக்கிறவன் நான். ஐம்பதை நெருங்குகிறவன். அந்த ஒரு சொல்லை எழுதி, அதை அக்கா காதில் விழ, மச்சான் முகத்துக்கு நேராக வாசிப்பதை நினைத்தால் காது மடல் சுட்டது.

அப்போதுதான் மச்சான் பூ விவசாயி என்பது நினைவுக்கு வந்தது. எவ்வளவு பொருத்தம். விந்தணுவை மகரந்தம் ஆக்கினேன். கருமுட்டை மொட்டு ஆயிற்று. முட்டையின் உறை இதழ். புரதத்தை வாசனை என்று வைத்தேன். அடைப்பு உடைந்த மாதிரி ஓடியது எழுத்து. 'தொலைவுத் தீவின் செம்மண்மேல் ஒரு மொட்டு காத்திருக்கிறது. அதன் இதழ்களில் ஒரு வாசனை, நேற்றைய வாசனை அல்ல. தேடி வரும் மகரந்தமும் நேற்றைய மகரந்தம் அல்ல. யார் யாரை மாற்றுகிறார்கள், ஏ வைகறையே' என்று ஒரு இடம் வரும். அதை எழுதிவிட்டு நானே எழுந்து நின்றுவிட்டேன். பதினோரு பக்கத்தில் கங்காரு மூன்று இடத்தில் வந்தது. மூன்றிலும் அது மல்லிச்செடிகளைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எரியோட்டுக்குப் போனேன். விடியுமுன்னே பூப்பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு மச்சான் வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"வா மாப்ள. எழுதிட்டியாமே. படி, கேப்போம்."

படித்தேன். அவர் தலையைச் சாய்த்து, கண்ணை ஒரு செடிமேல் வைத்துக்கொண்டு கேட்டார். என் வாழ்நாளில் இப்படி ஒரு வாசகர் எனக்கு வாய்த்ததில்லை. நாலாவது பக்கத்தில் கையை உயர்த்தினார்.

"செத்த நேரம் இரு மாப்ள. மல்லியில மகரந்தத்துக்கு என்ன சோலி? நாம பதியன் குச்சிதானே வெட்டி ஊனுறோம். நான் அறிய நம்ம மல்லி காய் பிடிச்சுப் பாத்ததில்லையே."

எனக்கு இது தெரியாது. மல்லியைப் பற்றி நாற்பது கவிதை எழுதியிருக்கிறேன், அது காய்க்காது என்பது தெரியாது. அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

"அதத்தான் மச்சான் அவ ஆராயப் போறா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தோட்டத்தைப் பார்த்தார், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. "காய் பிடிக்குமா?"

"பிடிக்கலாம்."

"விதை எடுக்கலாமா?"

"ஆராய்ச்சிதானே மச்சான்."

"கங்காரு எதுக்கு நடுவுல நடுவுல வருது?"

"அது உவமை."

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப தாராளமாப் போகட்டும்" என்றார். அக்கா மட்டும் வாளியோடு நின்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அது பெருமிதம் என்று எடுத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தேன். இலக்கியத்தால் ஒரு பெண்ணைக் கடல் தாண்ட வைத்துவிட்டேன் என்கிற நினைப்பில் இரண்டு நாள் காலே தரையில் படவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவள் சென்னையிலிருந்து இறங்கி, பையோடு நேராக அச்சாபீசுக்கு வந்தாள்.

"மாமா, அப்பா போன்ல என்கிட்ட மல்லி விதையப் பத்திப் பேசுறாரு."

"சரின்னுட்டார்ல?"

"எதுக்கு சரின்னாரு?"

தாள்களை எடுத்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். வைகறை வருகிற இடத்தில் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"இதுல நான் எங்க மாமா இருக்கேன்? மல்லிய காய்க்க வைக்கப்போற ஒருத்திக்குத்தான் அவர் சரின்னிருக்காரு. அவ போகட்டும், நல்லாருக்கட்டும். எனக்கு அவர் இன்னும் பதில் சொல்லல."

"நாளைக்குத் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது. மொதல்ல நீ ஏறிப் போயிரு."

"ஏமாத்திட்டுப் போகச் சொல்றீங்க. மார்க்கெட்டுல வேற போய் எல்லார்கிட்டயும் சொல்லிருக்காரு. நாலு பேரு எனக்கு வாட்ஸ்அப்ல மல்லிப்பூ படம் அனுப்பியாச்சு." பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். "நீங்க கட்டுனத நீங்களே போய் அவுத்துருங்க மாமா. திங்கக்கிழமைக்குள்ள."

புதன் போகவில்லை, முகூர்த்தக் காலம், மெய்ப்பு குவிந்திருந்தது. வியாழன் தலைவலி. வெள்ளி நல்ல நாள், கெட்ட சேதி சொல்லக்கூடாது. சனியும் அதே காரணத்தைத் திருப்பிப் போட்டால் வந்துவிடும். ஞாயிறு வேறு வழியில்லாமல் பஸ் ஏறினேன். வேடசந்தூர் ரோட்டில் இரண்டு பக்கமும் வெயில் காய்ச்சி ஊற்றின மாதிரி நின்றது. வழி நெடுக வாக்கியம் சேர்த்தேன். 'மச்சான், உயிர்களின் ஊற்றுக்கண்ணில்' என்று தொடங்கி எட்டு வாக்கியம். எரியோடு வருமுன் எட்டும் ஆவியாகிவிட்டன.

தோட்டத்தில் யாரும் என் வாக்கியத்துக்காகக் காத்திருக்கவில்லை. மாடு கத்திக்கொண்டிருந்தது. மச்சான் அதன் திமிலில் கை வைத்து நின்றார். சினை ஊசி போடுகிறவர் மோட்டார் பைக்கை நிறுத்தி, பின்னால் கட்டியிருந்த நைட்ரஜன் கேனை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளன இருந்து கத்துது" என்றாள் அக்கா. "கண்ணாடி மாதிரி வடியுது. இப்பப் போட்டாத்தான் நிக்கும்."

"மூணாவது ஊசி" என்றார் மச்சான் ஊசிக்காரரிடம். "போன ரெண்டும் நிக்கல. விந்து சரியில்லையா, மாடு சரியில்லையா?"

"விந்து உசுரோடதாண்ணே இருக்கு. பதமா உருக்கித்தான் போடுறேன்."

"அந்தக் காளை விந்து வேணாம். வேற காளையது இருந்தா போடு."

"இருக்குண்ணே. இது நல்ல ஓட்டமுள்ள விந்து."

கேனைத் திறந்ததும் வெண்புகை கிளம்பியது. அதில் ஒரு கவிதை இருந்தது. எடுக்க நேரமில்லை, ஏனென்றால் மச்சான் என்னைப் பார்த்துவிட்டார்.

"நல்ல நேரத்துல வந்த மாப்ள. வால பிடி."

பிடித்தேன். வெள்ளைச் சட்டையும் தோளில் ஜோல்னாப் பையுமாக, மாட்டின் வாலை ஒருபுறமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு இரண்டடி தள்ளி அக்கா. நான் எண்ணிக்கொண்டு வந்தேன். அதற்குள் அந்தச் சொல் நாலு தடவை புழங்கியிருந்தது. ஒருவர் காதும் சிவக்கவில்லை. உப்பு, புளி என்கிற மாதிரி சொன்னார்கள். ஊசிக்காரர் முழங்கை வரை உறை போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார். மச்சானின் முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை, மாடுதான் நடுவில் நிற்கிறது என்ற தைரியத்தில் சொன்னேன்.

"மச்சான், அவ படிக்கப் போறது இதத்தான்."

"எத?"

"இதத்தான். கங்காருவோட இத."

"உவமைன்ன."

"மல்லிதான் உவமை. கங்காருதான் நெசம்."

ஊசிக்காரர் கையை வெளியே எடுத்து உறையை உருவினார். "முடிஞ்சதுண்ணே, வால விட்ருங்க" என்றார் என்னிடம். நான் விடவில்லை. விட்டால் எங்கே போய் நிற்பது?

அவர் போனபிறகு மச்சான் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு, தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்குப் புரியாதுன்னு நெனச்சியா மாப்ள, இல்ல எனக்குக் கூசும்னு நெனச்சியா?"

"எனக்குத்தான் மச்சான் கூசுச்சு."

"மார்க்கெட்டுல வாய் கொள்ளாமச் சொல்லிருக்கேன். கமிஷன் கடைக்காரரு, விதை வந்தா மொத விதை எனக்குத்தான்னு சொல்லி வச்சிருக்காரு."

அக்கா மாட்டைத் தடவிக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "நான் ரெண்டு பெத்தவ. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. பூவாம், மொட்டாம். ஏலே, அன்னைக்குப் படிக்கிறப்பவே நெனச்சேன், இவன் எதையோ போர்த்துறான்னு."

அன்றைக்கு அவள் பார்த்த பார்வை பெருமிதம் இல்லை என்பது இப்போதாவது தெரிந்தது.

"ஏத்தா, இங்க வா" என்று மச்சான் தோட்டத்து வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். மகள் வந்தாள். வாசல்படியிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "மாமா அவுத்துட்டாரு. இப்ப நீ சொல்லு. என்ன படிக்கப் போற?"

அவள் ஒரு முறை என்னைப் பார்த்தாள். பிறகு மாட்டைப் பார்த்தாள். மாட்டைப் பார்த்தே பேசத் தொடங்கினாள், அது வசதியாக இருந்திருக்கவேண்டும்.

"இப்ப உள்ள போட்ட விந்தணு இருக்குல்லப்பா, அது கருமுட்டைகிட்ட போய்ச் சேரணும். முட்டைய சுத்தி ஒரு உறை இருக்கும். ஆடு விந்தணு வந்தா அது சேக்காது. மாட்டுது வந்தாச் சேக்கும். எப்படித் தெரியுது அதுக்கு? அந்த உறையிலயும் விந்தணு மேலயும் இருக்கிற புரதந்தான் ஒண்ணையொண்ணு அடையாளம் பாக்குது. இம்புட்டு முக்கியமான விஷயம் மாறாமத்தானே இருக்கணும்? ஆனா அதுல பலதுதான் வேகமா மாறுது. கங்காரு மாதிரி மிருகத்துல அது எப்படி மாறி வந்துச்சுன்னு பாக்கணும்."

"கங்காருவுல என்ன விசேஷம்?"

"விந்தணு உள்ள போனபிறகு, முட்டை எறங்கி வர்ற வழியில அம்மா உடம்பு அதுக்கு மேல வழவழன்னு ஒரு பூச்சு பூசும். பிந்தி வர்ற விந்தணுவெல்லாம் அதுல மாட்டிக்கும். அதுக்கு மேல மெல்லிசா ஓடு மாதிரி ஒண்ணையும் போர்த்தும். முட்டையிட்டுக்கிட்டிருந்த காலத்து மிச்சம் அது. குட்டிதான் போடுது, ஆனா ஓட்ட இன்னும் விடல. அமெரிக்கால ஒப்போசம்னு ஒண்ணு இருக்கு, பெருச்சாளி மாதிரி. அதுவும் இதே சாதிதான். அதோட விந்தணு ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டுச் சோடியாத்தான் நீந்தும்."

"சோடியாவா?" மச்சான் தொட்டியிலிருந்து இறங்கினார். "எதுக்கு?"

"நேரா நீந்த ஒத்தாசையா இருக்குன்னு சொல்றாங்கப்பா."

அவள் அந்தச் சொல்லை எத்தனை தடவை சொன்னாள் என்று இந்த முறை நான் எண்ணவில்லை. முதல் தடவை மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு கையெல்லாம் பேசியது. நான் பதினோரு பக்கம் மூச்சிரைக்கத் தேடின ஒன்று, தவிட்டு வாளிக்கும் சாணிக்கும் நடுவில் மிகச் சாதாரணமாக நின்றுகொண்டிருந்தது.

மச்சான் மாட்டைக் காட்டினார். "நம்ம மாட்டுக்கு ரெண்டு ஊசி நிக்கலையே. அதுவும் இந்த அடையாளத் தகராறுதானா?"

"இருக்கலாம்பா. வேற காரணமும் இருக்கலாம். எனக்குத் தெரியல."

"தெரியலையா?"

"தெரியல."

அவர் என் பக்கம் திரும்பினார். "இம்புட்டுப் படிச்சவ தெரியலங்கறா. நீ பதினோரு பக்கத்துல ஒரு எடத்துலயாவது தெரியலன்னு எழுதுனியா மாப்ள?"

இல்லை. இரண்டு தொகுப்பிலும் இல்லை.

"அப்பா, நான் நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் எழுதணும்" என்றாள் அவள்.

அவர் மாட்டின் கயிற்றை அவிழ்த்து நிழலில் மாற்றிக் கட்டினார். "படிப்பு நல்ல படிப்பாத்தான் இருக்கு. ஆனா ஊருக்குள்ள சொல்ல முடியாத படிப்புக்கு எம் மகள எப்படி அனுப்ப? உன்னால சொல்ல முடியல. மாமாவால சொல்ல முடியல. நாளைக்கு அங்க ஒண்ணுன்னா நான் மட்டும் யாருகிட்ட எப்படிச் சொல்லுவேன்?" என்னிடம் சொன்னார்: "காலைல மார்க்கெட்டுக்கு வா மாப்ள. பூவுன்னு சொன்னவன் நீ. அதே ஆளுக முன்னாடி உள்ளத உள்ளபடி சொல்லு. சொல்ல முடியுதான்னு பாப்போம். அதக் கேட்டுட்டு நான் என் பதிலச் சொல்றேன்."

அன்று சாப்பிட உட்கார்ந்தேன். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்ன என்றுகூட நினைவில்லை.

திங்கள் காலை ஏழு மணிக்குத் திண்டுக்கல் பூமார்க்கெட். எனக்கு நன்றாகத் தெரிந்த இடம், எவ்வளவு வரி எழுதியிருக்கிறேன் அதைப் பற்றி. அன்றைக்கு அது ஏதோ கோர்ட் மாதிரி இருந்தது. சாக்குச் சாக்காய் மல்லி, சம்பங்கி, செவ்வந்தி. காலடியில் நசுங்கின பூவின் ஈரம். மச்சான் கமிஷன் கடை முன்னால் நின்றிருந்தார். தராசுக்குப் பின்னால் கடைக்காரர். வாங்க வந்திருந்த ஒரு பூக்கார அம்மா மடியில் வெற்றிலையோடு. மூட்டை இறக்குகிறவர் ஒருவர்.

"இவருதான் என் மச்சினன், அச்சாபீஸ்காரரு" என்றார் மச்சான். "அந்த மல்லி விதை விஷயமா ஒண்ணு சொல்லணுமாம்."

ஒரு உவமை கிடைத்தால் போதும், பற்றிக்கொண்டு இறங்கிவிடலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் பூ. தப்பிக்க அத்தனை கதவும் திறந்து கிடந்தது, மச்சான் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கங்காரு மாதிரி வயித்துல பை வச்ச மிருகங்கள்ல, விந்தணுவும் கருமுட்டையும் ஒண்ணையொண்ணு எப்படி அடையாளம் பாக்குது, அதுக்கான புரதங்கள் காலப்போக்குல எப்படி மாறி வந்துச்சுங்கறதத்தான் அக்கா மக படிக்கப் போறா. மல்லிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அந்த மல்லிக் கதைய நான்தான் கட்டிவிட்டேன்."

என் எழுத்து வாழ்க்கையிலேயே திருத்தம் தேவைப்படாத பத்தி அதுதான். அது எழுத்தும் இல்லை.

கடைக்காரர் தராசிலிருந்து கையை எடுக்கவில்லை. "அப்ப விதை வராதா?"

"வராது."

"சரி" என்றார். அடுத்த சாக்கைத் தூக்கி வைத்தார்.

பூக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதச் சொல்லவா இப்படி வேர்க்குது? சட்டையெல்லாம் நனஞ்சு போச்சு பாருங்க." பிறகு மச்சானிடம் கேட்டார்: "அந்த மிருகம் உதைக்குமாமே அண்ணே. புள்ளைய தள்ளி நிக்கச் சொல்லுங்க."

மூட்டை இறக்குகிறவருக்கு வேறு சந்தேகம். "பையில ஒரு குட்டி இருக்கிறப்பவே அடுத்த குட்டியும் போடுமாமே, டிவியில காட்டுனான். ரெண்டுக்கும் பால் எப்படிப் பத்தும்?"

நான் வாயைத் திறந்தேன். என்னை முந்திக்கொண்டு மச்சான் பேசினார்.

"அங்கதான் விசேஷம். ஒரு காம்புல ஒரு பாலு, பக்கத்துக் காம்புல வேற பாலு. வெளிய எறங்கித் திரியிற மூத்ததுக்குக் கெட்டியா, இப்பப் பொறந்த பொடிசுக்குத் தண்ணியா. ஒரே தாயி, ஒரே நேரத்துல. நேத்து பூராம் எம் மக சொல்லிக்கிட்டிருந்தா. அது ஒரு பக்கம் இருக்க, அந்த முட்டை இருக்கு பாரு முட்டை, அதுக்கு மேல" என்று கையைக் குவித்துக் காட்டினார். கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டுக் கேட்டார். பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மச்சான் அந்தச் சொல்லை அங்கே, அத்தனை பூவுக்கு நடுவில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். சோடி சோடியாக நீந்துவதைக் காட்ட இரண்டு விரலைச் சேர்த்து ஆட்டினார். பூக்கார அம்மா வெற்றிலையை மடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, மகளுக்குப் போட்டார்.

"ஏத்தா, காலேஜுக்குக் கெளம்பிட்டியா? சாயங்காலம் வரைக்கும் எதுக்கு வச்சிருக்க, இப்பவே எழுதிரு. வாரேன்னு எழுதிரு. ஆமா. சொல்லிட்டாரு, சொல்லிட்டாரு. ஒழுங்காத்தான் சொன்னாரு. அத விடு, இங்க ஒருத்தரு கேக்குறாரு: பை ஆம்பளைக்கும் இருக்குமா?" மறுமுனையில் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே மூட்டை இறக்குகிறவர் பக்கம் திரும்பி, "கங்காருவுல பொம்பளைக்கு மட்டுந்தானாம்" என்றார்.